அழைப்பவர் பெயர்

1

போர்ச்சுகலுக்கு வந்து இந்த மாதத்தோடு பதினோரு வருடம் முடிகிறது. முதல் மூன்று வருடம் தெற்கே பிளாஸ்டிக் கூடாரங்களுக்குள் ராஸ்பெர்ரி பறித்தேன். அடுத்து ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவினேன். இப்போது லிஸ்பனுக்கு எதிர்க்கரையில் ஒரு சலவை ஆலையில் வேலை. ஓட்டல் படுக்கை விரிப்புகள் துவைத்து ஈரமாக வரும். இரண்டு பேர் இரண்டு மூலையைப் பிடித்துச் சூடான உருளைக்குள் செலுத்த வேண்டும். மூலை நழுவினால் விரிப்பு சுருண்டுகொள்ளும், கையை எடுக்க மறந்தால் தோல் போகும். எனக்கு இரண்டு முறை போயிருக்கிறது. இப்போது பழகிவிட்டது.

வந்த நாளை நினைவு வைத்துக் கொண்டாடும் வழக்கம் எனக்கில்லை. இந்த வருடம் அது மனதில் நிற்பதற்குக் காரணம் ஒரு கல்யாணப் பத்திரிகை.

என் தங்கை கஸ்தூரியின் மகள் திவ்யாவுக்குக் கல்யாணம். கஸ்தூரியின் கணவன் பாஸ்கர் இறந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. அப்போது திவ்யாவுக்கு ஐந்து வயது. தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையின் மாடிப்படிக்குக் கீழே தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு, வாங்கிய புடவையைக் கொண்டுவருபவர்களுக்கு ஃபால்ஸ் வைத்து ஓரம் அடித்துக் கொடுத்தே கஸ்தூரி அவளைப் படிக்க வைத்தாள். திவ்யா இப்போது அடையாறில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள்.

பத்திரிகையை அனுப்பியவர் சண்முகம். பாஸ்கரின் அண்ணன், கே.கே. நகரில் ஹார்டுவேர் கடைக்காரர், எனக்கு மச்சான் முறை. கூடவே ஒரு குரல் பதிவும் வந்தது. "மச்சான், நீ பிரஸ்ல இருந்தவன். ஒரு தபா பாத்துட்டு ஓகே சொல்லு. பையன் மெஷின்ல ஏத்தறதுக்கு ரெடியா நிக்கிறான்."

மதிய இடைவேளை. ரொட்டியை ஒரு கையில் வைத்துக்கொண்டு கைப்பேசியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முகூர்த்த நேரம் மேலே ஒரு மாதிரியும் கீழே ஒரு மாதிரியும் இருந்தது. மண்டபம் இருக்கும் தெருவின் பெயரில் ஓர் எழுத்து விழுந்திருந்தது. மாப்பிள்ளையின் படிப்பு இருந்தது, திவ்யாவின் படிப்பு இல்லை. மூன்றையும் குறித்து அனுப்பினேன். பெண்ணின் படிப்பைப் போடச் சொன்னதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. பத்து நிமிடத்தில் திருத்தியது வந்தது. 'சரி, அச்சடிக்கலாம்' என்று அனுப்பிவிட்டு விரிப்பின் மூலையைப் பிடிக்கப் போனேன்.

2

சாயங்காலம் வீட்டுக்கு வந்து பத்திரிகையை என் மகள் நிலாவிடம் காட்டினேன். நிலாவுக்குப் பதின்மூன்று வயது. எனக்கு இரண்டு வருடம் பின்னால், நான்கு வயதில் இங்கே வந்தவள். வீட்டில் நாங்கள் பேசுவது தமிழ் என்று கேட்பவர்களிடம் சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் நான் தமிழில் கேட்கிறேன், அவள் போர்த்துகீசில் பதில் சொல்கிறாள். என் மனைவி ரோசி சாந்தோம் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள்தான் நிலாவை உட்கார வைத்துத் தமிழ் எழுத்து சொல்லித்தருகிறாள். அந்தப் பொறுமை எனக்கு வாய்க்கவில்லை.

நிலா எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். எழுத்துக் கூட்டிப் படிப்பவர்கள் எதையும் தாண்டிப் போக மாட்டார்கள். நம்மைப் போல ஒரு வரியின் தலையைப் பார்த்ததும் மிச்சம் இதுதான் என்று முடிவு செய்ய அவர்களுக்குத் தெரியாது.

மேலே சண்முகத்தின் பெயரும் அவர் மனைவி பெயரும். 'எனது தம்பி அமரர் பாஸ்கர் அவர்களின் குமாரத்தி' என்று அடுத்த வரி. அமரர் என்றால் என்ன என்று கேட்டாள். செத்துப்போனவர் என்றேன். திவ்யா, மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் அப்பா, அம்மா. கடைசியில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று தடித்த எழுத்தில் ஒரு வரி, அதன் கீழே தாய்மாமன் என்று என் பெயர், அடைப்புக்குறிக்குள் போர்ச்சுகல். முடித்துவிட்டு மறுபடி மேலிருந்து ஆரம்பித்தாள். சந்தோஷத்தில் இரண்டாவது முறை படிக்கிறாள் என்று நினைத்தேன்.

"அத்தை எங்கப்பா?" என்றாள்.

"அத்தை பேர் போட மாட்டாங்க."

"ஏன்?"

"மாமா இல்லையில்ல. அதான். அது ஒரு வழக்கம்."

கைப்பேசியில் பெயர்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டாள். "மாமா இல்ல. ஆனா மாமா பேர் இருக்கு. அத்தை இருக்காங்க. அவங்க பேர் இல்ல."

முழுவதையும் தமிழிலேயே சொன்னாள். அவள் தொடர்ந்து அவ்வளவு தமிழ் பேசி நான் கேட்டு எத்தனையோ நாள் ஆகியிருந்தது. பாராட்டும் நிலையில் நான் இல்லை.

ரோசி அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினாள். அவளுடைய அப்பாவும் எங்கள் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டவர். பத்திரிகை அவள் அம்மா பெயரில்தான் அடித்தார்கள். "வந்தவங்க யாரும் சாப்பிடாம எழுந்து போகல. நீங்க அந்தப் பத்திரிகையைப் படிச்சுகூடப் பாத்திருக்க மாட்டீங்க. இதை மட்டும் பாத்து சரி சொல்லிட்டீங்க."

உண்மைதான். எனக்கு உறைத்தது வேறு ஒன்று. மூன்று தவறு கண்டுபிடித்த கண்ணுக்கு நான்காவது தவறாகவே படவில்லை. அந்தப் பத்திரிகையைப் பார்த்ததும் எல்லாம் இடத்தில் இருப்பதாகத்தான் எனக்குத் தோன்றியது. அப்படிப் பார்க்கக் கற்றுக்கொண்டது எங்கே என்றும் எனக்குத் தெரியும்.

3

ஒன்பதாவதில் பள்ளிக்கூடத்தை விட்டேன். தேனாம்பேட்டையில் சைக்கிள் கடை, கோடம்பாக்கத்தில் ஒரு ஸ்டூடியோவில் விளக்குத் தூக்குவது என்று சுற்றிவிட்டு, பதினெட்டு வயதில் மயிலாப்பூரில் ஒரு சந்துக்குள் இருந்த அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். ஒழுங்கான தமிழை நான் கற்றது அங்கேதான். ஈய எழுத்து, கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாறியிருக்கும். ஆறு மாதத்தில் அது எனக்குச் சரளமாகி, நேரான எழுத்துதான் தடுமாற ஆரம்பித்தது.

முக்கால்வாசி வேலை கல்யாணப் பத்திரிகை. ஒவ்வொன்றுக்கும் முதலிலிருந்து கோக்க மாட்டோம். கோத்ததைப் பிரிக்காமல் நூலால் கட்டி வைத்திருப்போம். அடுத்தவர் வந்தால் பெயர்களை மட்டும் உருவி மாற்றுவது. முதலாளி வருபவர்களிடம் கேட்கும் முதல் கேள்வி, "அப்பா இருக்காரா?" இல்லை என்றால் அடுத்த கேள்வி, "அப்ப யார் பேர்ல அடிக்கணும், பெரியப்பாவா, தாய்மாமனா?" அம்மாவைப் பற்றி மூன்றாவது கேள்வி கிடையாது. அப்பா இல்லாத வீட்டுக்கென்று தனியாக ஒரு கட்டு இருந்தது. அதில் அம்மாவுக்கு வரியே விட்டிருக்க மாட்டோம். வரி காலியாகக் கிடந்தால் யாராவது ஏன் என்று கேட்பார்கள். வரியே இல்லாவிட்டால் கேட்பதற்கு ஒன்றும் இல்லை.

ஒரு நாள் பாக்கியம் என்று ஓர் அம்மா வந்தார். கபாலீசுவரர் கோயில் குளத்து மூலையில் பூ விற்பவர். மகனுக்குக் கல்யாணம், கணவர் இல்லை. முதலாளி வழக்கமான கேள்விகளைக் கேட்டார். கணவரின் தம்பி பெயரைச் சொன்ன கையோடு, "என் பேரும் போடு சாமி. நான்தான் கூப்புடறேன்" என்றார். முதலாளி தலையாட்டிக்கொண்டே சீட்டில் எழுதினார். நான் கோத்தேன். கட்டில் வரி இல்லாததால் கீழே இருந்ததையெல்லாம் இறக்கி, புதிதாக இடம் பண்ணிக் கோத்தேன்.

புரூஃப் பார்க்கும்போது முதலாளி அந்தப் பெயரின் மேல் பென்சிலால் ஒரு கோடு இழுத்தார். "சம்பந்தி வூட்ல வந்து என்னைக் கேப்பான். எடுத்துடு. அதுக்குப் படிக்கத் தெரியாது."

இடுக்கியால் ஐந்து எழுத்தையும் எடுத்து எழுத்துப் பெட்டியின் அந்தந்த அறைகளில் போட்டேன். எனக்கு அது இரண்டு நிமிட வேலை.

வாங்கிப் போக வந்தபோது அந்த அம்மா கட்டைப் பிரித்து ஒரு பத்திரிகையை என்னிடம் நீட்டினார். "நைனா, என் பேரு எங்க கீது? காட்டு."

முதலாளி பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்ற வரியைக் காட்டினேன். அதுதான் தடித்த எழுத்தில் இருந்தது. அந்த அம்மா அதன்மேல் விரலை வைத்தார். பூவுக்குத் தண்ணீர் தெளித்துத் தெளித்து எப்போதும் ஈரமாக இருக்கும் விரல். எடுத்தபோது அந்த வரியில் ஈரம் வட்டமாகப் படிந்திருந்தது.

"நல்லா பெர்சாதான் போட்டுக்கீறே" என்றார். மடியிலிருந்து இரண்டு முழம் மல்லி எடுத்துக் கொடுத்து, வீட்டில் பெண்பிள்ளை இருந்தால் வைத்துவிடச் சொன்னார். கஸ்தூரிக்கு அப்போது பத்து வயது. மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு அதை வைத்துக்கொண்டு போனாள்.

பத்திரிகையை வாங்கியவர்களில் யாராவது அந்த அம்மாவிடம் படித்துக் காட்டினார்களா, தெரியாது. அவர் அச்சகத்துக்கு வந்து ஒன்றும் கேட்கவில்லை. நான் அந்த மூலையை விட்டுவிட்டுக் குளத்தை மறுபக்கமாகச் சுற்றிப் போக ஆரம்பித்தேன். மூன்று மாதத்தில் பம்பாய்க்கு ரயில் ஏறினேன். அதனால்தான் ஊரைவிட்டுப் போனேன் என்றால் பொய். ஓர் இடத்தில் நிற்காத கால் எனக்கு. ஆனால் தினமும் சுற்றிப் போக வேண்டியிருந்ததும் ஒரு காரணம்.

4

எழுத்தைப் பார்த்தால் ஒரு சமூகம் தெரியும் என்று மயிலாப்பூர் மேடைகளில் பேசுவார்கள். வெளியே நின்று ஒலிபெருக்கியில் கேட்டிருக்கிறேன். அந்தப் பேச்சில் கதையும் கவிதையும் வரும், கல்யாணப் பத்திரிகை வராது. ஊரில் ஒரு புத்தகம்கூடத் தொடாதவர்கள் நிறைய. கல்யாணப் பத்திரிகை வந்து சேராத வீடு கிடையாது. அதில் இருப்பதைத்தான் ஊர் தன்னைப் பற்றி ஒத்துக்கொள்கிறது.

நான் கோக்க ஆரம்பித்தபோது சௌபாக்கியவதி இருந்தாள், பிறகு திருவளர்செல்வி ஆனாள். பெயருக்குப் பின்னால் தொங்கிய சாதி கழன்று விழுந்தது. சில வீடுகளில் அது பத்திரிகையிலிருந்து கழன்று மண்டபத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது என்பது வேறு விஷயம். அந்த இடத்துக்குப் படிப்பு வந்தது. பிறகு அடைப்புக்குறிக்குள் துபாய், சிங்கப்பூர், இப்போது போர்ச்சுகல். மூலையில் ஒரு கட்டம் போடுகிறார்கள், கைப்பேசியைக் காட்டினால் மண்டபத்துக்கு வழி சொல்கிறது. இவ்வளவும் மாறிவிட்டது. அப்பா இல்லாத வீட்டுக் கட்டு மட்டும் நான் நூல் சுற்றி வைத்தபடியே இருக்கிறது. ஈயம் போய்க் கணினி வந்தும் அதை யாரும் பிரிக்கவில்லை.

புத்தகங்கள் நான் பிற்பாடு படித்தேன். மஸ்கட்டில் லேபர் கேம்பில் இருந்தபோது, ஊருக்குத் திரும்பிய ஒருவர் ஒரு பெட்டி நிறைய நாவல்களை விட்டுப்போனார். கணவனை இழந்தவளுக்காக அதில் பக்கம் பக்கமாக அழுதிருந்தார்கள். படித்து நானும் அழுதேன். அழுத நாங்கள் எல்லோரும் எங்கள் வீட்டுப் பத்திரிகையில் அவளுக்கு ஒரு வரி கொடுத்தோமா? விதவை என்று சொல்லக் கூச்சமாகி, கைம்பெண் என்றோம். இன்னும் மரியாதையான சொற்கள் வரும். வரட்டும். சொல்லைத் துடைத்து வைப்பதால் யாருக்கும் நஷ்டம் இல்லை. ஒரு வரியை விட்டுக்கொடுக்கத்தான் கை வருவதில்லை.

மறுநாள் வேலைக்குப் போகும் முன் சண்முகத்தைக் கூப்பிட்டேன். முன்னூறு அடித்து முடித்தாயிற்று என்றார். மிச்சத்தை நிறுத்தச் சொன்னேன், காரணத்தையும் சொன்னேன். அவர் சிரித்தார். "இன்னா மச்சான், நீயே ஓகே சொல்லிட்டு நீயே இப்புடிப் பேசறே. சம்பந்தி வூட்ல ஒரு மாதிரி நெனைப்பாங்க. கஸ்தூரியே வேணான்டுச்சு, உனக்கின்னா?"

அடுத்து கஸ்தூரியைக் கூப்பிட்டேன். மெஷின் ஓடும் சத்தத்துக்கு நடுவில் பேசினாள். "என் பேரு போட்டாத்தான் சாப்பாடு எறங்குமா அவங்களுக்கு? வுடுண்ணா." பேச்சை மாற்றி, போன வாரம் நிலாவுக்கு வந்த காய்ச்சலைப் பற்றிக் கேட்டாள். நான் விடவில்லை. வேண்டாம் என்று நீயாகச் சொன்னாயா, சொல்ல வைத்தார்களா என்று கேட்டேன்.

மெஷின் நின்றது.

"எழுதிக் குடுத்தேன். பில்லு பின்னாடி, கஸ்தூரின்னு. சண்முகம் மாமா வாங்கி சட்டப்பையில வெச்சுக்கினாரு. அப்பால புரூஃபு வந்துச்சு, அதுல இல்ல. கேக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள, உங்கண்ணனே பாத்து சரின்டான்னாரு. அண்ணனே பாத்து சரின்டுச்சு, அப்பால நான் இன்னா கேக்கறது?"

மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. யாரோ ஒரு பெண், மாம்பழக் கலர் புடவை முடிந்ததா என்று அவளிடம் கேட்பது காதில் விழுந்தது.

5

அந்த வாரமே குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்க எனக்கு நாள் கொடுத்திருந்தார்கள். அதற்காக நான்கு மாதம் காத்திருந்தேன். புது அட்டை கைக்கு வரும்வரை நாட்டைவிட்டு வெளியே போக வழியில்லை. அதாவது திவ்யாவின் கல்யாணத்துக்கு நான் போகப்போவதில்லை. 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று ஊரையே கூப்பிடுகிறவன் மண்டபத்தில் இருக்க மாட்டான். வாசலில் நிற்கப் போகிறவளுக்குப் பெயர் கிடையாது.

எண் சீட்டு வாங்கிக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். என் முறை வந்ததும் அலுவலகப் பெண் படிவத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தள்ளினாள். அப்பா பெயர் எழுதியிருந்தேன், அதன் கீழ் அம்மா பெயருக்கான கட்டத்தை விட்டிருந்தேன். வேண்டுமென்று விடவில்லை. கண் அதைத் தாண்டிப் போயிருக்கிறது. அம்மா இறந்துவிட்டாள் என்று சொல்ல நினைத்து, என் போர்த்துகீசில் 'அம்மா தீர்ந்துவிட்டாள்' என்று சொன்னேன், சர்க்கரை தீர்ந்துபோன மாதிரி. அந்தப் பெண் சிரிக்கவில்லை. உயிரோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெயர் வேண்டும், இல்லாமல் கணினி அடுத்த பக்கத்துக்குப் போகாது என்றாள். எழுதிக் கொடுத்தேன். ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள்.

இந்த நாட்டில் எல்லோருக்கும் அம்மா வீட்டுப் பெயரும் உண்டு, அப்பா வீட்டுப் பெயரும் உண்டு. நிலாவின் வகுப்பில் அம்மா பெயர் இல்லாதவள் அவள் ஒருத்திதான். சின்ன வயதில் அதைப் பற்றி என்னிடம் கேட்டிருக்கிறாள். நம் ஊரில் அப்படித்தான் என்று சொல்லி அனுப்பினேன்.

அதற்காக இந்த ஊரைத் தலையில் தூக்கிவைத்துக்கொள்ள மாட்டேன். ரோசி வேலை செய்யும் இல்லத்தில் எண்பது வயது அம்மாக்கள் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே தலை வாரிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்கிறார்கள். பிள்ளைகளின் அட்டைகளில் எல்லாம் அந்த அம்மாக்களின் பெயர் இருக்கிறது. பிள்ளைகள் வருவதில்லை. கஸ்தூரிக்கு அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை வராது. திவ்யா அவளைத் தன்னோடுதான் வைத்துக்கொள்வாள். ஆனால் அவள் கேட்டது ஒரு வரி. அது இங்கே கிடைக்கிறதா, அங்கே கிடைக்கிறதா என்ற ஒப்பீடு எனக்கு வேண்டாம். எடுத்தவன் நான், திருப்பி வைக்க வேண்டியவனும் நான்.

6

அலுவலகத்திலிருந்து வெளியே வந்து படிக்கட்டிலேயே உட்கார்ந்து சண்முகத்தைக் கூப்பிட்டேன். கஸ்தூரி பெயர் இல்லாவிட்டால் என் பெயரும் வேண்டாம், எடுத்துவிடுங்கள் என்றேன்.

"தாய்மாமன் பேர் இல்லாம பத்திரிகையா? ஊரு சிரிக்கும் மச்சான்."

"அம்மா பேர் இல்லாம அடிச்சதுக்கே சிரிக்காத ஊரு. மாமனுக்கு சிரிச்சா சிரிக்கட்டும்."

அவர் குரல் மாறியது. "அங்க ஒக்காந்துக்கினு சவுண்டு வுடாத. இங்க அலையறவன் நானு. மண்டபம் பாத்தது யாரு, சமையலுக்கு ஆள் புடிச்சது யாரு?"

"நீங்கதான். அதுல நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். வளத்தது அவ."

"அப்ப நான் ஒதுங்கிக்கறேன். வெளிநாட்டுக்காரன் நீ வந்து நடத்திக்க."

போனை வைத்துவிட்டார். அவர் சொன்னது வெறும் கோபம் என்று தள்ளிவிட முடியாது. அவர் ஒதுங்கினால் கஸ்தூரி தனி ஆள். அன்று சாயங்காலம் அவளே கூப்பிட்டுத் திட்டினாள். "எனக்குக் கல்யாணம் நடக்கணும்ணா. பேரு எனக்கு வேணாம். உனக்குக் கோவம் வந்தா அங்க எதுனா ஒடைச்சுக்க." இரண்டு நாள் என் அழைப்பை அவள் எடுக்கவில்லை.

இந்த இடத்தில் ஊரில் இருப்பவர்கள் என்னைக் கேட்கலாம்: கடல் தாண்டிப் போனவன் சொல்லுக்கு ஊரில் என்ன வேலை, சிரமப்படுபவர்களை ஏன் மேலும் சிரமப்படுத்துகிறாய் என்று. பம்பாய் முதல் இந்தச் சலவை ஆலை வரை இந்தக் கேள்வியைப் பலர் பலவிதமாக என்னிடம் கேட்டிருக்கிறார்கள். என் பதில் சுருக்கம். என்னை விட்டுவிட்டு நடத்தியிருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டேன். என் சரியைக் கேட்டு வாங்கி, அதை வைத்து அவள் வாயை மூடினார்கள். கொடுத்த சரியைத் திரும்பப் பெற எனக்கு உரிமை உண்டு.

கைப்பேசியில் புதிதாக ஒரு பத்திரிகை எழுதி, எழுத்து அளவுகளையும் குறித்தேன். முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது, ஆனாலும் கை மறக்கவில்லை. 'என் மகள் திவ்யாவின் திருமணத்துக்கு வந்து வாழ்த்துமாறு உங்களை அழைக்கிறேன். கஸ்தூரி.' இது முதல் வரி. பாஸ்கரின் பெயர் அவனுக்குரிய இடத்தில். சண்முகத்தின் பெயரும் என் பெயரும் கீழே, உறவுகளோடு. அடைப்புக்குறியை எடுத்துவிட்டேன். இதைச் சண்முகத்துக்கும் அனுப்பவில்லை, கஸ்தூரிக்கும் அனுப்பவில்லை. திவ்யாவுக்கு அனுப்பினேன்.

அவள் ஒரே வரியில் பதில் போட்டாள்: 'மாமா, இனிமே நான் பாத்துக்கறேன்.'

எங்களில் ஒருவருக்கும் தோன்றாத ஒன்றை அவள் செய்தாள். மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் போன் செய்து நேராகக் கேட்டாள். அந்த அம்மா சொன்னதை அப்படியே எனக்கு ஒப்பித்தாள். "எங்களை யாரும்மா கேட்டா? தாராளமா போடுங்க. எங்க பக்கம் பெரியவங்க ரெண்டு பேர் மொணங்குவாங்க. பந்தியில ஒக்காந்தா மறந்துருவாங்க."

சம்பந்தி வீட்டில் கேட்பார்கள் என்று என் முதலாளி பென்சிலை எடுத்தார். ஒரு மாதிரி நினைப்பார்கள் என்று சண்முகம் பில்லைச் சட்டைப்பையில் வைத்தார். எத்தனை சம்பந்தி வீடுகளில் நாம் நேராகப் போய்க் கேட்டிருக்கிறோம்? அந்தப் பென்சில் கோட்டை நாமே இழுத்துவிட்டு, பழியை எதிர்வீட்டின் மேல் போட்டு வந்திருக்கிறோம்.

திவ்யா அன்றே லீவு போட்டுவிட்டு, முதல் பத்திரிகையை அடித்த தி. நகர் அச்சகத்துக்குப் போனாள். அங்கிருந்த பையன், ஒரு கல்யாணத்துக்கு இரண்டு பத்திரிகையா என்று தயங்கியிருக்கிறான். ஆமாம், இரண்டுதான் என்று பக்கத்திலேயே நின்று அடித்து வாங்கிக்கொண்டு வந்தாள். சண்முகம் தன் முன்னூறைத் தன் பக்கத்து ஆட்களுக்குக் கொடுத்துவருகிறார். ஒதுங்கவில்லை. பந்தல்காரரிடம் நேற்றும் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தாராம். என்னோடு மட்டும் பேசுவதில்லை. சொல்ல வேண்டியதைத் திவ்யா மூலம் சொல்லி அனுப்புகிறார். கடைசியாகச் சொல்லி அனுப்பியது: "உங்க மாமன்கிட்ட இனிமே புரூஃபு காட்ட மாட்டேன்னு சொல்லு." காட்ட வேண்டாம். என் கண்ணை நம்பும் நிலையில் நானும் இல்லை.

பாக்கியம் அம்மாவுக்கு இதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. இன்று இருந்தால் எண்பதைத் தாண்டியிருப்பார். அந்தப் பத்திரிகை அந்தப் பத்திரிகைதான். அதில் திருத்தம் போட முடியாது.

போன சனிக்கிழமை கஸ்தூரி வீடியோவில் வந்தாள். படிக்குக் கீழே, மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். பத்திரிகைக் கட்டு மடியில் இருந்தது. பக்கத்துப் படியில் பூக்கட்டுபவர்களுக்கும் மேல்மாடிக் கடைப் பெண்களுக்கும் கொடுத்தாயிற்றாம். என்னிடம் இன்னும் கோபமா என்று கேட்டேன். ஒரு பத்திரிகையை எடுத்துக் கேமராவுக்கு நேரே பிடித்தாள். ஊசி குத்தாமலிருக்கத் துணி சுற்றிய விரலை முதல் வரியின் முடிவில் வைத்தாள். என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்த நிலா, அந்த விரல் இருந்த இடத்தை எழுத்துக் கூட்டிப் படித்தாள். சரியாகவே படித்தாள்.

கஸ்தூரி பத்திரிகையைத் தன் பக்கம் திருப்பி, கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"இன்னாண்ணா இது, எழுத்து இவ்ளோ சின்னதா கீது? பிரஸ்ல இருந்தேன்னு சொல்லிக்கினு திரியறே. பெர்சா போட்டா இன்னா?"

அவள் சொன்னது சரிதான். பழைய பழக்கத்தில், அழைப்பவர் பெயரை மற்றப் பெயர்களின் அளவிலேயே போட்டிருந்தேன். இன்னும் நூறு பத்திரிகை வேண்டியிருக்கிறது என்று திவ்யா சொன்னாள். பெரிய எழுத்தில் அடிக்கச் சொல்லியிருக்கிறேன்.